ஏழாவது வார்டுக்குத் தண்ணீர் திறக்கும் நேரம்

கையெழுத்தை முதலில் வாங்கிக்கொண்டு விஷயத்தை அப்புறமாக எழுதுவதுதான் எங்கள் வெள்ளூரணிப்பட்டிப் பேரூராட்சியின் வழக்கம். யாரும் இதைத் தப்பு என்று நினைத்ததில்லை. நானும் நினைக்கவில்லை. அதற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

மாதத்தில் ஒருநாள் கூட்டம். மூன்று மணி என்று நோட்டீஸ் வரும், நாலரைக்குத்தான் ஆள் சேரும். எழுத்தர் பிரபாகரன் தீர்மானப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் விரிப்பான். தடித்த அட்டை போட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் அச்சடித்து, ஏட்டுக்கு ஏடு முத்திரை குத்திய புத்தகம். அன்றைய தேதியை மேலே எழுதிவிட்டு, எத்தனை தீர்மானம் வருமோ என்று குத்துமதிப்பாக நாலைந்து பக்கத்தைச் சும்மா விட்டுவிடுவான். அதற்கடுத்த பக்கத்தில் ஒன்று முதல் பதினைந்து வரை எண் போட்டிருக்கும். பதினைந்து வார்டு உறுப்பினர்களும் வரிசையாகப் போய் அவரவர் எண்ணுக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகு அவன் ஒவ்வொரு பொருளாக வாசிப்பான். வாசிப்பது என்ன, முணுமுணுப்பான். நாங்கள் "பாஸ், பாஸ்" என்போம். டீயும் சாத்தூர்க் காராச்சேவும் வரும். யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், என்ன முடிவானது என்பதையெல்லாம் பிரபாகரன் மறுநாளோ அடுத்த வாரமோ தலைவர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து நிரப்பிக்கொள்வான். பக்கம் மீந்தால் குறுக்கே கோடு போட்டு அடித்துவிடுவான்.

நான் ஏழாவது வார்டு. பெயர் சண்முகத்தாய். பதினெட்டு வருசம் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவள். 2006-இல் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது நின்று அறுபத்திரண்டு ஓட்டில் ஜெயித்தேன். மற்ற பெண் உறுப்பினர்கள் கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், அவர்களுடைய வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். என் வீட்டுக்காரர் சங்கிலிமுத்து லாரியில் லோடு ஏற்றுகிறவர். "நீ ஜெயிச்ச, நீயே போ" என்று சொல்லிவிட்டார். அதனால் நானே போனேன், முழுக்க உட்கார்ந்தேன், எல்லாவற்றுக்கும் பாஸ் சொன்னேன்.

எங்கள் வார்டில் நூற்று இருபது வீடு. வீட்டுக்கு ஒருத்தியாவது பட்டாசு ஆலைக்குப் போகிறவள். ஆறரை மணிக்கு வேன் வந்துவிடும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் காடு காடாகக் கிடக்கிற ஆலைகளுக்கு ஏற்றிக்கொண்டு போய், பொழுதடைய இறக்கிவிடும். வாரத்துக்கு ஒருதரம், வெள்ளிக்கிழமை, காலை ஐந்து மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரும். ஏழு மணி வரைக்கும் இருக்கும். நாலு மணிக்கே எழுந்து குடத்தை வரிசையில் போட்டு, தொட்டியையும் டிரம்மையும் நிரப்பிவிட்டுத்தான் வேன் ஏறுவார்கள். அதை வைத்துத்தான் ஒரு வாரம் ஓட்ட வேண்டும்.

2008 தைப் பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை, ஐந்து மணிக்குத் தண்ணீர் வரவில்லை. ஆறரை வரைக்கும் நின்றோம். வேன்காரன் ஹாரன் அடித்தான். பெண்கள் காலிக் குடத்தை வாசலில் போட்டுவிட்டு ஓடினார்கள். தண்ணீர் பத்தரைக்கு வந்தது. தெருவில் அப்போது யார் இருந்தார்கள்? நடக்க முடியாத இரண்டு பெரியவர்கள், பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள், வீட்டில் தையல் மிசின் வைத்திருக்கிற நான். ஒருத்தி எத்தனை வீட்டுக்குப் பிடிக்க முடியும்? ஆறேழு வீட்டுக்குப் பிடித்தேன். இடுப்பு விட்டுப்போனது. மிச்சத் தண்ணீர் சாக்கடையில் ஓடியது.

வால்வு திறக்கிற மாரிசாமியைப் பிடித்து உலுக்கினேன்.

"எனக்கென்ன தெரியும்க்கா? மேல சொன்னாக. இனிமே உங்களுக்குப் பத்தரைதான்" என்றான்.

தலைவர் லட்சுமிகாந்தத்திடம் போய்க் கேட்டேன். "மோட்டார் கோளாறு மெம்பரம்மா. ஒரு மாசம் பொறுத்துக்கோங்க" என்று காபி வாங்கிக் கொடுத்தார். நம்பிவிட்டு வந்தேன். மோட்டாருக்கு ஒரு கோளாறும் இல்லை. ஐந்து மணித் தண்ணீரை பஜார் பக்கம் திருப்பியிருந்தார்கள். அங்கேதான் தலைவர் புதிதாக மாடி கட்டியிருந்தார். ஐந்து மணி வேகத்தில் திறந்தால்தான் அவருடைய மாடித் தொட்டியில் தண்ணீர் தானாக ஏறுமாம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எல்லாமே எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

என் எதிர்வீட்டுப் பொன்மணிக்கு இருபத்தாறு வயது. பட்டாசுக்குள் வெடிமருந்து அடைக்கிற ரூமில் வேலை. சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போது அவளுடைய தலைமுடி, புருவம், சேலை மடிப்பு எல்லாவற்றிலும் அலுமினியப் பொடி மினுமினுக்கும். அந்த ரூமில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்கு வந்ததும் குளித்து, சேலையை மாற்றிவிட்டுத்தான் அடுப்பங்கரைக்குள் போவார்கள். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, மருந்தோடு பழகினவர்களுக்கு அது எப்படிப் பற்றும் என்று தெரியும்.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை. மறுநாள்தான் தண்ணீர் வரும். பொன்மணி வீட்டில் குடிக்க வைத்திருந்த அரைக் குடம் தவிரச் சொட்டுத் தண்ணீர் இல்லை. பிள்ளை பசி என்று அழுதிருக்கிறது. ஈரத் துணியால் கையை மட்டும் துடைத்துவிட்டு, சேலையை உதறிக் கட்டிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறாள். பொசுக்கென்று வெள்ளையாக ஒரு வெளிச்சம். அலறல் கேட்டு நான் ஓடினேன். சாக்கை எடுத்துப் போர்த்தி அமுக்கினேன். ஊற்றுவதற்கு அந்த அரைக் குடம்தான் இருந்தது. அதையும் ஊற்றினேன். போதவில்லை. பக்கத்து வீட்டுக்கு ஓடினால் அங்கேயும் குடம் கவிழ்ந்து கிடக்கிறது. தீயை அணைக்கத் தண்ணீர் இல்லாத தெருவுக்கு நான் மெம்பர்!

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். உயிர் தப்பிவிட்டாள். வலது கை மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும், வலது தொடையில் பாதியும் வெந்துபோயிருந்தது. மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனபோது வாழை இலையில் படுக்க வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"மதினி, ஒண்ணு கேக்கட்டுமா? தண்ணி நேரத்த மாத்தச் சொன்னது நீங்கதானாமே?"

"யாரு சொன்னா?"

"மாரிசாமிண்ணே தெருவுல எல்லார்ட்டயும் சொல்லியிருக்காரு. உங்க மெம்பரே கேட்டு வாங்குனதுதான்னு."

"இருக்கங்குடி மாரியம்மன் மேல சத்தியமாச் சொல்றேன் பொன்மணி, நான் சொல்லவே இல்ல. எவன் சொன்னானோ அவன் நாக்கு அழுகிப் போகும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நம்பினாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் ஏறி நேராகப் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். மாரிசாமியை இரண்டாகக் கிழித்துப் போடுகிற வேகத்தில்தான் போனேன். அவன் ஓடிப்போய்ப் பிரபாகரனுக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

"தம்பி, இவன் சொல்றதுக்கு என்ன ஆதாரம்? நான் எப்ப, எவன்ட்ட, எங்கன வச்சு நேரத்த மாத்தச் சொன்னேன்?"

பிரபாகரன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அலமாரியைத் திறந்து தீர்மானப் புத்தகத்தை எடுத்து, எண்பத்து நான்காம் பக்கத்தை விரித்து வைத்தான். அவன் முணுமுணுக்கிற எதையும் நான் அதுவரைக்கும் எழுத்தாகப் பார்த்ததில்லை. ஐந்தாவது வரைக்கும் படித்தவள்தான். எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

"தீர்மானம் எண் 11: ஏழாவது வார்டு பொதுமக்கள், குறிப்பாகப் பெண்கள், அதிகாலையில் எழுந்து குடிநீர் பிடிக்க மிகவும் சிரமப்படுவதாக அவ்வார்டு உறுப்பினர் திருமதி சண்முகத்தாய் அவர்கள் வாய்மொழியாகக் கோரியதன் பேரில், மேற்படி வார்டுக்குக் குடிநீர் திறக்கும் நேரத்தைக் காலை 10.30 மணி என மாற்றியமைக்க மன்றம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது."

பக்கத்தைத் திருப்பினேன். ஏழாம் எண்ணுக்கு நேரே என் கையெழுத்து. 'சண்முகத்தாய்' என்று, கடைசி எழுத்தைக் கொஞ்சம் நீட்டி, நான் பெருமையாகப் போடுகிற கையெழுத்து.

"அடப்பாவி! நான் எப்பலே கோரினேன்?"

"சத்தம் போடாதீகக்கா. யாரு பேர்லயாவது எழுதணும்ல. உங்க வார்டு விசயம், அதான் உங்க பேரு. தலைவர் இப்பிடித்தான் எழுதச் சொன்னாரு. கூட்டத்துல வாசிச்சேனே, நீங்களும் பாஸுன்னீகளே?"

நிசம்தான். பதினோராவது பொருளை வாசிக்கும்போது காராச்சேவு வந்திருந்தது. பாஸ் என்றிருப்பேன். சற்று முன்புதான் மாரியம்மன் மேல் சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

"இத அடிச்சிருலே. இப்பவே அடி."

"அடிக்க முடியாதுக்கா. பக்க நம்பர் போட்டு முத்திர வச்ச புத்தகம். கிழிச்சா எனக்கு வேல போயிரும். ஒரு தீர்மானம் போட்டா மூணு மாசத்துக்கு அதத் தொடக் கூடாது, அதான் சட்டம். பாதிப் பேருக்கு மேல சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டாத்தான் மாத்தலாம்."

பாதி என்றால் எட்டுப் பேர். நான் எட்டுப் பேரைத் தேடி வீடு வீடாக ஏறி இறங்கினேன். பொன்மணி வெந்து கிடக்கிறாள் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். ஐயோ பாவம் என்றார்கள். கையெழுத்து என்றதும் உள்ளே போய்விட்டார்கள். இரண்டு பேர் சரி என்றார்கள். மூன்றாவது வார்டு மொக்கைச்சாமி தலைவருக்கு அடுத்த தெரு, அவருக்கும் ஐந்து மணித் தண்ணீர் வருகிறது. அவர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"தாயி, தலைவர் ஒரு வார்த்த சொல்லட்டும், நான் பத்துக் கையெழுத்துப் போடுதேன்" என்றார்.

தலைவரிடமும் போனேன். மாடியில் நின்றபடியே பேசினார். "மெம்பரம்மா, அந்தப் பிள்ள கவனக் குறைவா அடுப்பப் பத்த வச்சதுக்கு மன்றம் என்ன செய்யும்? உங்க கையெழுத்து இருக்கு. நீங்களே கேட்டுட்டு நீங்களே வேண்டாம்ங்கிறீக. வெளிய சொன்னா உங்களத்தான் சிரிப்பாக." அவருக்குத் தலைக்கு மேல் தொட்டி நிரம்பி, தண்ணீர் குழாய் வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கீழே கிடந்த செங்கலை எடுத்து வீசியிருப்பேன். வீசினால் போலீசுக்குப் போவார், தண்ணீர் வராது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த கூட்டம் பங்குனியில் வந்தது. நான் சரியாக மூன்று மணிக்குப் போய் உட்கார்ந்தேன். இடையில் நாலு தடவை அலுவலகத்துக்குப் போய் எண்பத்து நான்காம் பக்கத்தை வாசித்திருந்தேன். உறுப்பினர் புத்தகத்தைப் பார்க்கக் கூடாது என்று சட்டம் இல்லையே. அதில் இருந்த வார்த்தை ஒவ்வொன்றும் மனப்பாடம். 'மேற்படி', 'கோரியதன் பேரில்', 'ஏகமனதாக'. அந்தத் தமிழ் எனக்கு வராது. அதனால் அவர்களுடைய தமிழையே படித்துக்கொண்டேன்.

நாலரைக்கு எல்லாரும் வந்தார்கள். பிரபாகரன் தேதியை எழுதி, ஐந்து பக்கம் விட்டு, எண் போட்டான். தலைவர் ஒன்றாவது வார்டு, அதனால் முதல் கையெழுத்து. மொக்கைச்சாமி மூன்றாவது. நான் ஏழாவது. பதினைந்து பேரும் போட்டாயிற்று. பெண் உறுப்பினர்கள் வழக்கம்போல் எழுந்து போனார்கள். தலைவருக்கு ஏதோ பட்டாசுக் கம்பெனி முதலாளியிடமிருந்து போன் வந்தது. செயல் அலுவலர் சத்தியநாதன் சார் தன் மேசையில் ஏதோ கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். டீ வரவில்லை என்று பிரபாகரன் வெளியே எட்டிப் பார்க்கப் போனான்.

நான் எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். தேதிக்குக் கீழே, முதல் வெறும் பக்கத்தில், என் பேனாவால் எழுத ஆரம்பித்தேன்.

என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். வேகமாக எழுத வராது. ஒரு வரி முடிவதற்குள் பிரபாகரன் திரும்பிவிட்டான். நான் பழைய பக்கத்தை மறுபடி பார்க்கிறேன் என்று நினைத்து, காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டப் போய்விட்டான்.

"என்ன தாயி, பரிச்ச எழுதுதியா?" என்று மொக்கைச்சாமி வாய் நிறையக் காராச்சேவோடு கேட்டார்.

"ஆமாண்ணே. பெயிலான பரிச்ச."

எல்லாரும் சிரித்தார்கள். சிரியுங்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தேன். முழுதாக முக்கால் பக்கம் வந்தது. எழுதி முடித்ததும் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பிரபாகரன் கையில் கொடுத்தேன்.

"தம்பி, இன்னைக்கு மொதப் பொருள் இதுதான். முணுமுணுக்காம வாசி."

அவன் வாங்கிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. தலைவரைப் பார்த்தான். நான் விடவில்லை. "வாசிலே!" என்று ஒரு அதட்டுப் போட்டேன். வாசித்தான்.

"தீர்மானம் எண் 1: ஏழாவது வார்டு பொதுமக்கள், குறிப்பாகப் பட்டாசு ஆலைக்குச் செல்லும் பெண்கள், காலை 10.30 மணிக்குக் குடிநீர் பிடிக்க முடியாமல் மிகவும் சிரமப்படுவதாக மன்றத் தலைவர் திரு. லட்சுமிகாந்தம் அவர்கள் வாய்மொழியாகக் கோரியதன் பேரில், எண்பத்து நான்காம் பக்கத்தில் உள்ள 11-ஆம் எண் தீர்மானத்தை ரத்து செய்து, மேற்படி வார்டுக்குக் குடிநீர் திறக்கும் நேரத்தைக் காலை 5.00 மணி என மாற்றியமைக்க மன்றம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது. வழிமொழிந்தவர்: மூன்றாவது வார்டு உறுப்பினர் திரு. மொக்கைச்சாமி."

மொக்கைச்சாமிக்குப் புரையேறியது. தலைவர் போனை அப்படியே மேசையில் போட்டார்.

"ஏலே, யாரு எழுதுனது இத? நான் எப்பக் கோரினேன்?"

"நான் எப்பக் கோரினேனோ அப்பத்தான்" என்றேன்.

"இது செல்லாது! போர்ஜரி! கிழிலே அந்தப் பக்கத்த!"

"கிழிக்கச் சொல்லுங்க. முத்திர வச்ச புத்தகத்தக் கிழிச்சா வேல போயிரும்னு இந்தத் தம்பிதான் சொல்லுச்சு. போவட்டும், நானே கலெக்டர் ஆபீசுக்குப் போயி சொல்லுதேன்."

"மூணு மாசத்துக்குள்ள தீர்மானத்த மாத்தக் கூடாதும்மா. சட்டம் தெரியாமப் பேசாதீக."

"பாதிப் பேரு கையெழுத்து இருந்தா மாத்தலாம்ல. பாதி என்ன பாதி, பதினஞ்சு பேரும் போட்டிருக்கீக. உங்க கையெழுத்துத்தான் மொதல்ல இருக்கு. இல்லன்னு சொல்லுங்க பாப்போம்."

"வெறும் பக்கத்துக்குத்தான போட்டோம்!" என்று மொக்கைச்சாமி கத்தினார்.

"இத்தன வருசமா எதுக்குண்ணே போட்டீக? சொல்லுங்க. நான் எதுக்குப் போட்டேன்? வெறும் பக்கத்துல போட்டது செல்லாதுன்னா எண்பத்தி நாலாம் பக்கமும் செல்லாது. உங்க தெருவுக்குப் போட்ட சிமிண்ட் ரோடும் செல்லாது. தலைவர் மச்சினன் எடுத்த சந்தைக் குத்தகையும் செல்லாது. வாங்க, எல்லாத்தையும் ஒண்ணா அடிப்போம். அந்தப் பிள்ள ஆஸ்பத்திரியில தோலு உரிஞ்சு கெடக்கு. எம் பேரச் சொல்லி, என் கையெழுத்தக் காட்டி, அவ மேல தீய வச்சிட்டு இங்கன உக்காந்து காராச்சேவு திங்கிறீகளே, தொண்டையில எறங்குதா?"

என் குரல் எனக்கே வேறு யாரோ கத்துவதுபோல் கேட்டது. ஒருவரும் தட்டில் கை வைக்கவில்லை. வாசலில் டீக்காரர் கூஜாவோடு நின்றுவிட்டார்.

சத்தியநாதன் சார் எழுந்து வந்து புத்தகத்தை வாங்கினார். என் பக்கத்தை ஒருதரம் வாசித்தார். பிறகு முன்னால் நாலைந்து பக்கத்தைப் புரட்டினார். அங்கெல்லாம் கீழே அவருடைய கையெழுத்தும் இருக்கிறதே. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சார்," என்று தலைவரைப் பார்த்து மெதுவாகச் சொன்னார், "இது செல்லாதுன்னு நான் எழுதினா, மத்ததெல்லாம் எப்படிச் செல்லும்னு மேல கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது? இதோட விட்டுருங்க."

தலைவர் என்னை முறைத்தார். நானும் முறைத்தேன். அவர்தான் முதலில் கண்ணை எடுத்தார். அவர் வாயாலேயே மாரிசாமியிடம், வெள்ளிக்கிழமை ஏழாவது வார்டுக்கு ஐந்து மணி என்று என் காது கேட்கச் சொல்ல வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

மூன்று மாதம் கழித்து அவர் இதை மாற்றப் பார்ப்பார். பார்க்கட்டும். அந்தக் கூட்டத்திலிருந்து எல்லாருமே பிரபாகரன் எழுதி முடித்து வாசித்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறார்கள். சட்டத்துக்குப் பயந்து இல்லை, எனக்குப் பயந்து. கூட்டம் ஏழு மணி வரைக்கும் போகிறது என்று என்னைத் திட்டுகிறார்களாம்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் குழாயில் சீறிக்கொண்டு தண்ணீர் வந்தது. தெருவே எழுந்து நின்று பிடித்தது. பொன்மணி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவளுக்கு முதலில் என்று நான் இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். வலது கை முழங்கையோடு மடங்கி ஒட்டிக்கொண்டு, நீட்ட வராமல் இருந்தது. இனி அந்தக் கை குடம் தூக்காது, மருந்தும் அடைக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எழுதின கதையெல்லாம் தெருப்பெண்கள் அவளிடம் சொல்லியிருந்தார்கள். நான் சத்தியம் செய்ததைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. தொட்டியில் தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதத் தடவையே வாசிச்சிட்டுப் போட்டிருக்கலாம்ல மதினி" என்றாள்.

ஏழு மணிக்குக் குழாய் நின்றுவிடும். காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த நடைக்குப் போனேன்.